இரண்டு பேர் தூக்கும் மணி

ஒக்டோபர் 6, வெள்ளி

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அக்னேஸ் ரீச்சர் கதைத்தார். நான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். கை விறைத்துவிட்டது. பெரிய வேலை ஒன்று செய்த பெருமையோடு வீட்டுக்கு வந்து, "றீற்றா, இஞ்ச வந்து பாரும், உம்மட புருசன் எடுத்த படம்" என்று போட்டுக் காட்டினேன்.

படம் முழுக்க நான்தான். கமரா என் பக்கம் திரும்பி இருந்திருக்கிறது. ரீச்சரின் குரல் கணீரென்று கேட்கிறது. தெரிவது என் மூக்குத் துவாரம் இரண்டும், அதற்கு மேலே பெரிய வெளியாய் என் வழுக்கையும்.

றீற்றா சிரித்த சிரிப்பில் கீரை ஆய்ந்துவைத்த சுளகைத் தட்டிவிட்டாள். "நூற்றாண்டு விழாவில உங்கட மூக்கைத்தான் காட்டப்போகினம்" என்றாள்.

இந்தக் கொப்பியில் எழுதத் தொடங்கியதே ரீச்சரின் மகள் ஜெசிந்தா சொல்லித்தான். அவள் கனடாவில். ரீச்சருக்குச் சீனி வருத்தம். வலது கால் பெருவிரலில் வந்த காயம் இரண்டு மாதமாய் ஆறவில்லை. "அண்ணை, அம்மாவின்ர கால் எப்பிடி இருக்கெண்டு ஒவ்வொரு நாளும் எழுதிவைச்சு எனக்கு வாசியுங்கோ" என்றாள். காலைப் பற்றி எழுத ஒரு வரி போதும். மிச்சத் தாள் சும்மா கிடக்கிறதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்த ஆசை எங்கே போயிருந்ததோ தெரியாது. ஓ லெவல் இரண்டு தரம் எடுத்தவன் நான். இரண்டாம் தரம் முதல் தரத்தைவிடக் குறைவு. அதனால்தான் வள்ளம் ஓட்டுகிறேன். வள்ளத்துக்கு நான் எழுத்துப் பிழை விடுகிறது தெரியாது.

தைமாதம் எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது. கனடாவில் உள்ள பழைய மாணவர் சங்கம் ஒரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறது. பழசு சொல்ல ரீச்சரைவிட்டால் ஆள் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படிப்பித்து, தலைமை ஆசிரியையாய் ஓய்வெடுத்தவர். எண்பது தாண்டிவிட்டது.

இன்றைக்கு இடாப்பில் பெயர் கூப்பிடுகிற வழக்கத்தைப் பற்றிச் சொன்னார். "என்ர வகுப்பில ஒரு பிள்ளை வரேல்லையெண்டால், வாங்கில பக்கத்தில இருக்கிற பிள்ளை எழும்பி நிண்டு அவன் எங்கயெண்டு சொல்லவேணும். தெரியாது எண்ட மறுமொழி என்ர வகுப்பில இல்லை. தெரியாட்டி வீட்டை ஓடிப்போய் விசாரிச்சுக்கொண்டு வா. சுத்திவரக் கடல். ஒரு பிள்ளையையும் எங்கயெண்டு தெரியாமல் விடேலாது."

பிறகு எங்கள் வகுப்பு இடாப்பைப் பாராமல் சொன்னார். றஞ்சன், பற்றிமா, சவிரிமுத்து. சவிரிமுத்து நான்தான். எனக்கு அடுத்தது லீனஸ். ரீச்சரின் மூத்த மகன், என் வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன். சண்டைக்குள் தீவு முழுக்க இடம்பெயர்ந்து அக்கரையில் இருந்த வருசம் காணாமல் போனவன். அந்த இடத்தில் ரீச்சர் ஒரு மூச்சு நின்றார். பெயரைச் சொல்லாமல் தாண்டிப் போனார்.

கடைசியாய்ப் பள்ளிக்கூட மணியைப் பற்றிச் சொன்னார். வெள்ளைக்காரச் சுவாமியார் கொண்டுவந்த வெண்கல மணி. அடித்தால் கடலில் வலை இழுக்கிறவனுக்கும் கேட்குமாம். ஊர் திரும்பி வந்து பார்த்தபோது மணி இல்லை. "ஆரோ கள்ளர் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். பழைய இரும்புக்காரனுக்கு வித்துத் திண்டிருப்பாங்கள். கழட்டினவன்ர கை அழுகிப்போகவேணும்" என்றார். ரீச்சர் ஒருவரைச் சபித்து நான் கேட்டது இதுதான் முதல் தரம்.

படத்தில் அந்த இடத்தில் என் கண்ணால் தண்ணீர் வடிகிறதென்று றீற்றா சொன்னாள். ரீச்சரின் குசினியில் ஈர விறகு. புகை.

கால்: பெருவிரல் நுனி கறுப்பு.

ஒக்டோபர் 7, சனி

ஜெசிந்தாவுக்குப் படத்தை அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். குரல் நன்றாக விழுந்திருக்கிறதாம், அதைப் பழைய படங்களுக்கு மேல் போடுவார்களாம். ரீச்சரின் முகத்தோடும் கொஞ்சம் எடுக்கட்டாம். சங்கத் தலைவர் சொன்னாராம், "சந்தோசமான விசயமாச் சொல்லச் சொல்லுங்கோ" என்று.

கால்: நேற்றைப்போல.

ஒக்டோபர் 10, செவ்வாய்

காலமை அக்கரையிலிருந்து மாஸ்ரர்மார் இரண்டு பேரையும் டொக்டரையும் ஏற்றிவந்தேன். டொக்டர் செவ்வாய்க்கிழமையில் மட்டும் வருவார். புதுப் பொடியன், கடல் பயம், முகம் வெளிறிப்போய் இருந்தான். பயம் தெளியட்டும் என்று என் கலியாணக் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளை வள்ளம் எண்ணெய் முடிந்து நடுக்கடலில் நின்றதும், நான் கோட்டோடு துடுப்பு வலித்துக்கொண்டு கோயிலுக்குப் போனதும்.

கொக்குத்திட்டிக்குக் கிட்ட வந்ததும் கதையை நிறுத்தினேன். அது நடுவழியில் இருக்கிற மணல்திட்டி. ஒரு கண்டல் மரமும் கொக்குகளும் தவிர ஒன்றும் இல்லை. அங்கே ஆழம் குறைவு. மிசின் மணலில் தட்டும். பார்த்து ஓட்டவேண்டும்.

சுகந்தன் மாஸ்ரர் டொக்டரிடம் சொல்கிறார், "சவிரியண்ணை வாய் மூடுற ஒரேயொரு இடம் இதுதான் டொக்டர். மற்றும்படி பூசையிலயும் மூடமாட்டார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், திட்டி தாண்டினபிறகு.

டொக்டர் ரீச்சரின் காலைக் கனநேரம் பார்த்தார். "அம்மா, இப்ப பெரியாஸ்பத்திரிக்கு வந்தால் விரலோட போகும். பிந்தினால் கால். மழை தொடங்கினால் வள்ளமும் ஓடாது, பிறகு உங்களை ஒருத்தராலும் கொண்டுபோகேலாது. நான் ஒளிக்காமல் சொல்லுறன், உயிருக்கு ஆபத்து."

"நான் வரேல்லை தம்பி."

"ஏன் அம்மா?"

"அங்க கனநாள் கிடக்கவேண்டி வரும். லீனஸ் வந்தால் பூட்டின வீட்டையே பாக்கிறது?"

"லீனஸ் ஆர்?"

"என்ர மூத்தவன். சந்தைக்குப் போட்டு வாறன் அம்மா எண்டிட்டுப் போனவன்."

"எப்ப போனவர்?"

ரீச்சர் வருசத்தைச் சொன்னார். டொக்டர் அப்போது பிறந்திருக்கமாட்டார். குனிந்து பேனையை மூடினார்.

திரும்பி வரும்போது றீற்றா சொன்னாள், "அவன் இல்லையெண்டு ஆராவது ஒருத்தர் நிச்சயமாச் சொன்னால் மனுசி இண்டைக்கே வெளிக்கிடும். சொல்லத்தான் ஆளில்லை. இருந்திருந்து அந்த மகனாலயே சாகப்போகுது."

எனக்குப் பசிக்கிறதென்று சொன்னேன்.

ஒக்டோபர் 15, ஞாயிறு

பூசையில் சுவாமி என்னைப் பற்றிப் பிரசங்கத்தில் சொன்னார். தன் ஆசிரியைக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்து, மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுத்து, இத்தனை வருசமாய் ஒரு மகனைப்போல் பார்க்கிற சவிரிமுத்துவைப் பாருங்கள் என்றார். முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். வார் அறுந்திருந்தது.

பூசை முடிய ரீச்சரை லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினின் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனோம். வீட்டுத் திறப்பு வழக்கம்போல் செவ்வரத்தம் பூச்சாடிக்குக் கீழே இருந்தது. கோயிலுக்குப் போனாலும் அங்கேதான் வைத்துவிட்டுப் போவார். லீனஸுக்குத் தெரிந்த இடம்.

இரண்டாம் தரம் படம் எடுத்தோம். கமரா எந்தப் பக்கம் பார்க்கிறதென்று றீற்றா வந்து உறுதிப்படுத்திவிட்டுத்தான் என்னைத் தொடவிட்டாள்.

"சங்கத் தலைவர் சந்தோசமான விசயம் கேக்கிறார் ரீச்சர்."

"ஆர், பொன்ராசாவின்ர மகனோ? அவன் பள்ளிக்கூடத்தால ஓடினதுதான் எனக்கிருந்த சந்தோசம். அதைச் சொல்லட்டோ?"

பிறகு சொன்னார். ஒரு வித்தியாதரிசி பள்ளிக்கூடம் பார்க்க வந்து, கடல் தலைச்சுற்றில் நாள் முழுக்க வாங்கில் படுத்திருந்து, பின்னேரம் எழும்பி, பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போனாராம். அவருக்கு விசிறினதே நானும் லீனஸும்தான். ரீச்சர் அதில் என் பெயரை மட்டும் சொன்னார்.

அப்படியே தெருவால் நடந்துபோகிற மாதிரி வீடு வீடாய்ச் சொன்னார். சந்தியில் மரியாம்பிள்ளை வீடு, ஏழு பிள்ளைகள், ஏழும் சுவிஸ். அடுத்தது கொன்சீலா வீடு, மாபிள் பதித்துக் கட்டி வருசத்துக்கு ஒரு தரம் திருவிழாவுக்கு வந்து பூட்டைத் திறக்கிறார்கள், மிச்ச நாள் புறா. கடற்கரையில் பிள்ளைகள் நீந்தப் பழகின இடம் இப்போது கடலட்டைப் பண்ணை, கம்பி அடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகள் இருந்த இடத்தில் ஒன்பது. படிப்பிக்கிற மாஸ்ரர்மாரும் நாலு மணிக்கு வள்ளம் ஏறிவிடுவார்கள்.

"இப்ப ஒரு பிள்ளை வரேல்லையெண்டால் எந்த வீட்டை ஓடிப்போய் விசாரிக்கிறது? ஊரே வரேல்லை. ஊருக்கு வாங்கில பக்கத்தில ஆர்?" என்றார். பிறகு, "நிப்பாட்டு. சந்தோசம் முடிஞ்சுது."

கால்: கறுப்பு விரலின் அடிவரைக்கும்.

ஒக்டோபர் 21, சனி

மத்தியானத்திலிருந்து டிலானி போன் எடுக்கவில்லை. மகள் யாழ்ப்பாணத்தில் தங்கிக் கொம்பியூட்டர் படிக்கிறாள். நாளுக்கு ஒரு தரம் கட்டாயம் கதைப்பாள். நான் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடிக்கவும் இல்லை. அவள் தங்கியிருக்கிற வீட்டுக்காரர் எடுக்கவில்லை. சிநேகிதி ஒருத்தியின் நம்பர் எங்கேயோ எழுதிவைத்தேன், எங்கேயென்று தெரியவில்லை. றீற்றா செபமாலையை எடுத்தாள். நான் வள்ளத்துக்கு எண்ணெய் ஊற்றினேன். காற்று இழுத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

அப்போது போன் அடித்தது. "அப்பா, சார்ஜ் இல்லாமல் நிண்டிட்டுது. என்ன இத்தினை தரம் எடுத்திருக்கிறியள், விசரே உங்களுக்கு?"

வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவளும் ஏசினாள். கயிற்றைத் திரும்பக் கட்ட எனக்கு முடிச்சு வரவில்லை. முடிச்சுப் போடுகிறது என் தொழில்.

ஒரு பின்னேரம், அவ்வளவுதான். ரீச்சருக்கு அந்தப் பின்னேரம் இன்னும் முடியவில்லை.

இதை ஜெசிந்தாவுக்கு வாசிக்கவில்லை. அவளுக்கு வாசித்தது: இரண்டாம் விரலும் கறுத்துவிட்டது.

ஒக்டோபர் 28, சனி

புது மணி வந்தது. சங்கத்தின் அன்பளிப்பு. ரீச்சர் சொன்ன அளவுக்கு, பழையதைப்போலவே வார்ப்பித்திருக்கிறார்கள். அக்கரையில் லொறிக்காரர் ஏற்றித் தந்தார்கள். எங்கள் இறங்குதுறையில் பார்க்க ஊரே வந்திருந்தது. ஊர் என்றால் முப்பது பேர். ரீச்சரும் லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் கதிரை போட்டு வந்து இருந்தார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "விடுங்கோ, நான் தூக்குறன்" என்று சொல்லிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணியைக் கட்டிப்பிடித்தேன். மணி கொஞ்சம் எழும்பியது. பிறகு நான் இருந்துவிட்டேன். முதுகில் ஏதோ படக்கென்றது. சாரம் அவிழாமல் இருந்தது அந்தோனியாரின் புதுமை.

எல்லோரிலும் பெரிதாய்ச் சிரித்தது ரீச்சர்தான். கன மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. "டேய் சவிரி, பழையதைத் தொங்கவிடேக்கை நான் பக்கத்தில நிண்டனான். ரெண்டு ஆம்பிளையள் பிடிச்சவை. ஒருத்தனால ஏலாத சாமான். உனக்கு அண்டைக்கும் கணக்கு வராது, இண்டைக்கும் வராது."

மணியோடு வந்த சுகந்தன் மாஸ்ரர் மற்றப் பக்கம் பிடித்தார். இரண்டு பேருமாய்த் தூக்கி, ரீச்சரின் விறாந்தையில் வைத்துச் சாக்கால் மூடினோம். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு இல்லை.

ஒக்டோபர் 29, ஞாயிறு

முதுகு.

நவம்பர் 2, வியாழன்

மரித்தோர் நாள். சேமக்காலையில் பூசை. கல்லறைகளில் பாதிக்குமேல் ஆளில்லாதவை. அவற்றின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து எனக்குப் போன் எடுத்துச் சொல்வார்கள், நான் மெழுகுதிரி கொளுத்துவேன். ஓடி ஓடிக் கொளுத்தினதில் முதுகு திரும்பப் பிடித்துவிட்டது.

ரீச்சர் கதிரையில் இருந்தபடி கணவனின் கல்லறைக்கு ஒரு மெழுகுதிரி வைத்தார். புதிதாய் வந்த சிஸ்ரர் ஒருத்தி, பாவம், தெரியாமல், "மகனுக்கும் ஒண்டு கொளுத்துவமோ அம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

"உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் கொளுத்துறதோ?" என்றார் ரீச்சர். சிஸ்ரர் என்னைப் பார்த்தாள். நான் அணைந்துபோன ஒன்றைத் திரும்பக் கொளுத்தினேன்.

மெழுகுதிரிப் பெட்டியில் ஒன்று குறைகிறதென்று றீற்றா சொன்னாள். விழுந்திருக்கும் என்றேன். பின்னேரம் கொக்குத்திட்டிப் பக்கம் தூண்டில் போடப் போனேன். மீன் படவில்லை.

கால்: மணக்கத் தொடங்கிவிட்டது.

நவம்பர் 5, ஞாயிறு

ரீச்சருக்குக் காய்ச்சல். ஜெசிந்தா போனில் கெஞ்சினாள், அழுதாள். ரீச்சர், "பிள்ளை, பில் கூடும், வை" என்றார். பாதம் வீங்கிவிட்டது. அடுத்த கிழமை காற்று எழும்பும் என்று ரேடியோ.

நவம்பர் 8, புதன்

இதை எப்படி எழுதுகிறதென்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

பின்னேரம் ரீச்சருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். மணத்துக்காக றீற்றா காலமை சாம்பிராணி போட்டிருந்தாள். இரண்டு மணமும் கலந்து இன்னும் மோசமாய் இருந்தது. ரீச்சருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

"ஜெசிந்தா சொன்னாள், உன்ர மூக்குப் படம் ஒண்டு இருக்காம். காட்டு பாப்பம்."

நானும் சிரித்துக்கொண்டு போட்டுக் கையில் கொடுத்தேன். கொஞ்சம் பார்த்துச் சிரித்துவிட்டுத் தருவார் என்று நினைத்தேன். தரவில்லை. நான் வளவுக்குள் போய் விறகு கொத்தினேன், தண்ணீர் அள்ளினேன், கோழியை அடைத்தேன். உள்ளே ரீச்சரின் குரல் கதைத்துக்கொண்டே இருந்தது. ஓர் இடம் திரும்பத் திரும்பக் கேட்டது. கழட்டினவன்ர கை அழுகிப்போகவேணும். கழட்டினவன்ர கை அழுகிப்போகவேணும்.

உள்ளே போனேன். படத்தை என் முகத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

"இந்த இடத்தில அழுகிறாய்."

"புகை ரீச்சர். ஈர விறகு."

"அண்டைக்கு நான் அடுப்பு மூட்டேல்லை. நீ கொண்டுவந்த இடியப்பம் சாப்பிட்டனாங்கள்."

நான் கஞ்சியைக் கலக்கினேன்.

"மணியைக் கழட்டினது நீயோ?"

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லலாம்போல் இருந்தது. அவர் என்னிடம் ஒருநாளும் கேளாத மற்றக் கேள்வியைவிட அது சின்னன்.

"ஓம் ரீச்சர்."

"எப்ப?"

"நாங்கள் அக்கரையில இருக்கேக்கை."

"வித்தனியோ?"

"இல்லை ரீச்சர். உங்களுக்குத்தான் கொண்டுவர வெளிக்கிட்டது. மணியை விட்டிட்டு வந்திட்டமெண்டு அகதி முகாமில சாப்பாட்டு லைனில நிண்டு சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டனீங்கள். வாற வழியில கடலுக்க விழுந்திட்டுது."

"ஆரோட போனனீ?"

"தனிய."

ரீச்சர் என்னைப் பார்த்தார். முதுகுப் பிடிப்பில் நான் இன்னும் ஒரு பக்கம் கோணித்தான் நிற்கிறேன். பிறகு கதவால் விறாந்தையைப் பார்த்தார். சாக்கு மூடின மணி அங்கே இருந்தது.

"தனியவோ."

"ஓம் ரீச்சர்."

ஈ ஒன்று ரீச்சரின் காலில் வந்து இருந்தது. துரத்தவில்லை. நான் துரத்தினேன். போனை எடுத்து என்னிடம் நீட்டினார், என் முகம் கீழே இருக்கும்படி.

"அந்த வசனத்தை வெட்டச் சொல்லு."

"எந்த வசனம் ரீச்சர்?"

"கை அழுகவேணுமெண்ட வசனம். இண்டைக்கே ஜெசிந்தாவுக்குச் சொல்லு."

"அது கோவத்தில சும்மா சொன்னதுதானே. நான் ஒண்டும் நினைக்கேல்லை."

"உனக்காகச் சொல்லேல்லை. வெட்டச் சொல்லு."

கஞ்சியை முழுக்கக் குடித்தார். கோப்பையைத் தந்துவிட்டுக் கேட்டார், "சனிக்கிழமை கடல் எப்பிடி?"

"காலமை ஓடலாம்."

"அப்ப என்னைக் கொண்டுபோ."

றீற்றாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "எப்பிடியப்பா ஓமெண்டவ? என்ன சொன்னனீங்கள்?"

தெரியாது என்று சொன்னேன். ரீச்சரின் வகுப்பில் அந்த மறுமொழி எடுபடாது.

நவம்பர் 9, வியாழன்

ஜெசிந்தாவுக்கு இந்தப் பக்கத்தை வாசிக்கமாட்டேன்.

"அம்மாவுக்குச் சொல்லாத. மணியைக் கொண்டுவந்து முன்னால வைச்சிட்டு அவவின்ர முகத்தைப் பாப்பம்" என்றான் லீனஸ். அவனுக்குப் பத்தொன்பது, எனக்கும் பத்தொன்பது. என் ஐயாவின் சின்ன வள்ளத்தை எடுத்துக்கொண்டு காலமை ஊருக்கு வந்தோம். ஊரில் நாய்கள் மட்டும் இருந்தன. இரண்டு பேருமாய்க் கழற்றி, இரண்டு பேருமாய்த் தூக்கி வைத்தோம். திரும்பிப் போகும்போது நல்ல வெயில். அவன் மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தான், அலையில் அடிக்காமல். நான் ஏதோ பகிடி சொன்னேன். அவன் சிரித்ததில் நாக்கைக் கைவிட்டுவிட்டான். மணி ஒரு தரம் அடித்தது.

அந்தச் சத்தத்துக்குத்தான் சுட்டார்களோ, சும்மா சுட்டார்களோ, எந்தப் பக்கத்தால் வந்ததோ, அன்றும் தெரியாது இன்றும் தெரியாது. லீனஸ் மணிக்கு மேல் சாய்ந்தான். வள்ளம் ஒரு பக்கம் பாரித்தது. மணி போனது. அவனைக் கொக்குத்திட்டியில் இழுத்து ஏற்றினேன். கன நேரம் உயிர் இருக்கவில்லை. கையாலும் துடுப்பாலும் மணலைத் தோண்டினேன்.

ஐயாவுக்கு மட்டும் சொன்னேன். "வாயைத் திறந்தால் உன்னையும் கொண்டுபோவாங்கள். மணிக்காகப் போனவனெண்டு தெரிஞ்சால் அந்த மனுசி செத்துப்போகும். மூடு" என்றார். மூடினேன். முதலில் பயம். பிறகு பயம் போன காலமும் வந்தது. அதற்குள் சொல்லாமல் விட்ட வருசங்கள் சொல்ல வேண்டியதைவிடப் பெரிதாகிவிட்டன.

லீனஸைக் கண்டனீங்களோ என்று ரீச்சர் ஊரில் கேளாத ஆள் இல்லை. முகாம் முகாமாய்ப் போய்க் கேட்டார், காணாமல்போனோர் கொமிசனில் கேட்டார், சாத்திரக்காரனிடமும் கேட்டார். வாங்கில் பக்கத்தில் இருந்தவனிடம் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

நவம்பர் 11, சனி

விடிய வெளிக்கிட்டோம். ரீச்சர் கதவைப் பூட்டினார். திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைக்கக் குனியவில்லை. என் கையில் தந்தார்.

"வைக்கட்டோ ரீச்சர், அந்த இடத்தில?"

"தேவையில்லை. நீயே வைச்சிரு."

வள்ளத்தில் கதிரையைக் கயிற்றால் கட்டி அவரை இருத்தினோம். றீற்றா குடை பிடித்தாள். நான் வாய் ஓயாமல் கதைத்தேன். டொக்டருக்குக் கடல் பயம் என்றேன், பெரியாஸ்பத்திரியில் சோறு நன்றாம் என்றேன், ஒற்றைக் காலோடு ஓடிப் பரிசு எடுத்த கொக்கின் கதையென்று ஒன்றை அந்த இடத்திலேயே கட்டிச் சொன்னேன். றீற்றா என்னை முறைத்தாள். ரீச்சர் சிரித்தார்.

கண்டல் மரம் தெரிந்தது. நான் நிறுத்தினேன்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டாய்?"

"இஞ்ச ஆழம் குறைவு ரீச்சர். பாத்து ஓட்டவேணும்."

"எப்பவும் இந்த இடத்திலதான் நிப்பாட்டுறாய்."

"ஓம் ரீச்சர்."

"மிசினைக் குறை."

குறைத்தேன். வள்ளம் மெல்லப் போனது. கொக்குகள் எழும்பவில்லை. ரீச்சர் என்னைப் பார்க்காமல் திட்டியைப் பார்த்துக்கொண்டு, வகுப்புக் குரலில் கூப்பிட்டார்.

"றஞ்சன்."

றீற்றா பயந்துபோய் ரீச்சரின் நெற்றியைத் தொட்டாள், காய்ச்சல் என்று. நான் மறுமொழி சொன்னேன்.

"பிரான்சில ரீச்சர்."

"பற்றிமா."

"சேமக்காலையில ரீச்சர். போன பங்குனி."

"சவிரிமுத்து."

"இருக்கிறன் ரீச்சர்."

"லீனஸ்."

நான் எழும்பி நின்றேன். கால் தானாக எழும்பியது, வாங்கில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை எழும்பி நிற்கவேண்டும். வாயும் திறந்தது. தண்ணீர் வள்ளத்தின் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தது. ரீச்சர் திரும்பவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று எங்களுக்காகக் காத்திருப்பதுபோல் காத்திருந்தார். மரம் மெல்ல மெல்லப் பின்னால் போனது. அது போகும்வரைக்கும் பார்த்தார். பிறகு மடியில் இருந்த கையை எடுத்து, விரலால் காற்றில் ஒரு சரி போட்டார்.

"சரி. நீ இரு" என்றார். "மனுவேல்."

"கனடாவில ரீச்சர்."

ஆஸ்பத்திரியில் உடனே படுக்கையில் போட்டார்கள். திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுப்பார்களாம். தாங்குவாவோ தெரியாது என்று சொன்னார்கள். றீற்றா அங்கேயே நின்றுவிட்டாள். நான் தனியே வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். திறப்பு சேட்டுப் பைக்குள் இருக்கிறது. ஜெசிந்தாவுக்கு வாசித்தது: அம்மாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தாச்சு, வழியில் நன்றாகக் கதைத்துக்கொண்டு வந்தவ.

எழும்பி நின்றவன் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்:

இருக்கிறான் ரீச்சர். அந்தக் கண்டல் மரத்தடியில, உங்களுக்கு வலப்பக்கத்தில.